வெள்ளம் வடியும், காய்ச்சல் வடியாது

புடவை கட்டுகிறோம், சட்டை போடுகிறோம். பூ வைக்கிறோம், பொட்டும் வைக்கிறோம்; நாமத்தை மட்டும் போடுகிறோம். விபூதி பூசுகிறோம், கண்ணுக்கு மை தீட்டுகிறோம். மோதிரம் போடுகிறவர்கள் கைக்கடிகாரத்தைக் கட்டுகிறார்கள். இவ்வளவுக்கும் பொதுவாக ‘அணிதல்’ என்று ஒரு நல்ல சொல் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் காலையில் அவசரமாகக் கிளம்பும் மகளிடம் ‘பூ அணிந்தாயா?’ என்று எந்த அம்மாவும் கேட்பதில்லை. ‘பூ போட்டியா?’ என்றும் கேட்கமாட்டார். பூப் போடுவது சாமிக்கு, இல்லையென்றால் பிணத்துக்கு.

இதை யாரும் பட்டியல் போட்டுச் சொல்லிக்கொடுத்ததில்லை. கேட்டுக் கேட்டு வந்தது. அப்படி வந்ததாலேயே இதை அறிவு என்று நாம் எண்ணுவதில்லை. சொல்வளம் என்றால் எத்தனை சொல் தெரியும் என்ற கணக்குதான் நமக்கு. கடலுக்கு ஆழி, ஆர்கலி, பரவை, முந்நீர், பௌவம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்குக் கைதட்டுகிறோம். அதே பிள்ளை கட்டுரை நோட்டில் வெள்ளம் குறைந்தது, காய்ச்சல் குறைந்தது, கோபம் குறைந்தது, காற்று குறைந்தது என்று நான்கையும் ஒரே வினையால் முடித்தால் ஆசிரியரின் சிவப்புப் பேனா அந்தப் பக்கமே போவதில்லை. இலக்கணப் பிழை இல்லை, எழுத்துப் பிழை இல்லை, சரி போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

அந்த ‘குறைந்தது’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். வெள்ளம் வடியும். வீக்கமும் வடியும். காய்ச்சல் வடியாது, தணியும், இறங்கும், கடைசியில் விடும். மழையும் விடும், ஓயும், சில ஊர்களில் வெறிக்கும். காற்று ஓயும், அடங்கும். கோபம் தணியும், ஆறும். குளம் வற்றும். நிலா தேயும். பார்வை மங்கும். உடம்பு இளைக்கும். கத்தி மழுங்கும். சாயம் வெளுக்கும். கூட்டம் கலையும். விலை இறங்கும், ஒரேயடியாக இறங்கினால் சரியும்.

எல்லாம் ‘குறைதல்’தான். ஆனால் ஒவ்வொரு வினையும் அது எப்படிக் குறைகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. வடிதல் என்றால், இருந்த நீர் வேறெங்கோ ஓடிப்போகிறது. வற்றுதல் என்றால் இருந்த இடத்திலேயே இல்லாமல் போகிறது. ‘ஏரி வடிந்தது’ என்று எழுதினால் யாரோ மதகைத் திறந்துவிட்டார்கள், அல்லது கரை உடைந்துவிட்டது என்று பொருள். ‘ஏரி வற்றியது’ என்றால் கோடை. ‘ஏரியில் நீர் குறைந்தது’ என்று எழுதியவர் இரண்டில் எது நடந்தது என்று தெரியாமல் எழுதியிருக்கலாம், தெரிந்தும் சொல்லாமல் விட்டிருக்கலாம். படிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். செய்தி போய்ச் சேரவில்லை.

சொல்வளம் என்பது சொற்களின் எண்ணிக்கையில் இல்லை, எந்தப் பெயருக்கு எந்த வினை துணை என்று தெரிவதில் இருக்கிறது என்ற இந்த வாதம் புதிதல்ல. தொல்காப்பியர் தம் இலக்கண நூலில், கிளவியாக்கம் என்ற இயலில், ‘வேறுவினைப் பொதுச்சொல்’ என்று ஒரு விதி சொல்கிறார். பலவகைப் பொருள்களுக்குப் பொதுவாக ஒரு பெயர் இருந்தால், அவற்றில் ஒன்றுக்கு மட்டும் உரிய வினையை அந்தப் பொதுப்பெயருக்குக் கொடுக்கக்கூடாது என்பது அதன் சாரம். உரையாசிரியர்கள் அருமையான எடுத்துக்காட்டுகள் தருகிறார்கள். ‘அடிசில்’ என்றால் உணவு. அதில் உண்பது உண்டு, தின்பது உண்டு, பருகுவது உண்டு, நக்குவதும் உண்டு. ஆகவே அடிசிலை ‘உண்டார்’ என்று சொல்லாமல் ‘அயின்றார்’ என்று பொதுவினையால் சொல்லவேண்டும். ‘அணி’ என்ற பெயரில் கட்டுவது, கவிப்பது, செறிப்பது, பூண்பது எல்லாம் அடக்கம், எனவே ‘அணிந்தார்’. ‘இயம்’ என்றால் இசைக்கருவிகள்; கொட்டுவதும் ஊதுவதும் அதில் இருப்பதால் ‘இயம்பினார்’. படைக்கலம் என்றால் எய்வது, எறிவது, வெட்டுவது, குத்துவது என்று பல, எனவே ‘வழங்கினார்’.

அடுத்த நூற்பா இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகிறது. பொதுப்பெயர் சொல்லாமல், பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னாலும் விதி அதேதான். யாழும் குழலும் பறையும் என்று அடுக்கிவிட்டு ‘ஊதினார்’ என்று முடித்தால் யாழையும் பறையையும் ஊதியதாக ஆகிவிடும். இன்றைக்கும் ‘டீயும் பஜ்ஜியும் குடித்தோம்’ என்று நாம் சொல்வதில்லை, ‘சாப்பிட்டோம்’ என்கிறோம். அயிலுதல் போய்விட்டது, அது இருந்த நாற்காலியில் ‘சாப்பிடு’ உட்கார்ந்திருக்கிறது. கருவிகளுக்கு ‘வாசி’ அப்படியே. வீணையை மீட்டுவதும் நாகஸ்வரத்தை ஊதுவதும் தவிலை அடிப்பதும் தனித்தனி வினைகள். கச்சேரி அழைப்பிதழில் எல்லாம் ‘வாசிப்பு’.

தொல்காப்பியரின் இன்னொரு விதி பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஒன்றைக் கேட்டுப் பெறும்போது ஈ, தா, கொடு என்ற மூன்றில் தாழ்ந்தவன் சொல்வது ‘ஈ’, ஒத்தவன் சொல்வது ‘தா’, உயர்ந்தவன் சொல்வது ‘கொடு’. மூன்றுக்கும் அகராதிப் பொருள் ஒன்றே. யார், யாரிடம் கேட்கிறார் என்பதுதான் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது. இந்தப் படிநிலை நமக்கு இன்று உவப்பில்லாமல் இருக்கலாம். ஆனால் பொருள் ஒன்றாக இருப்பதாலேயே இரண்டு சொற்கள் ஒன்றாகிவிடாது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

பிறகு எப்படி நாம் ஆழி, ஆர்கலி, பரவைக்கு வந்து சேர்ந்தோம்? நிகண்டுகள் வழியாக. திவாகரமும் பிங்கலமும் சூடாமணி நிகண்டும் ஒரு பொருளுக்கு உள்ள பல பெயர்களை ஓரிடத்தில் குவித்துத் தந்த நூல்கள். திவாகரத்தின் பன்னிரண்டு தொகுதிகளில் முதல் பத்தும் தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று துறைவாரியாக இப்படிக் குவித்தவைதான். இவற்றைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செய்யுள் எழுதுகிறவனுக்கு எதுகையும் சீரும் அமையவேண்டும். கடல் என்ற சொல் பொருந்தாத இடத்தில் பரவை பொருந்தும், பௌவம் பொருந்தும். அவனுக்கு அது தொழிற்கருவி. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்தார்கள். செய்யுள் போய் உரைநடை வந்தபிறகும் மனப்பாடம் மட்டும் நின்றுவிட்டது. இன்று வாட்ஸாப்பில் சுற்றிவரும் ‘பூவின் ஏழு நிலைகள்’ பட்டியல் அந்த மரபின் கடைசிக் கிளை. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பெருமையோடு பகிர்கிறோம். அதில் எத்தனை சொற்களை நாம் ஒரு வாக்கியத்தில் வைத்திருக்கிறோம்? பூக்கடைக்காரம்மாவுக்கு வேண்டிய சொற்கள் வேறு: உதிரி, சரம், முழம். மல்லியைக் கட்டுவார், மாலையைத் தொடுப்பார், மணியைக் கோப்பார். மூன்றும் மூன்று வேலை. விரல்கள் செய்யும் வேலையே வேறு.

அகராதியை மட்டும் பார்த்துச் சொல்லைக் கற்றால் என்ன ஆகும் என்பதற்கு உளவியலாளர் ஜார்ஜ் மில்லரும் பாட்ரிஷியா கில்டியாவும் 1987இல் ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரை நல்ல சாட்சி. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் புதுச்சொற்களைக் கொடுத்து, அகராதியில் பொருள் பார்த்து வாக்கியம் எழுதச் சொன்னால் என்ன வருகிறது என்று பார்த்தார்கள். ‘ஸ்டிமுலேட்’ என்ற சொல்லுக்குத் தூண்டுதல் என்று பொருள். அகராதியில் ‘கிளறிவிடு’ என்ற பொருள்படும் விளக்கம் இருந்தது. ஒரு பிள்ளை எழுதியது: அந்த அம்மா சூப்பைத் தூண்டினார். ‘இரோடு’ என்றால் அரித்தல். அதற்குத் தந்திருந்த ஆங்கில விளக்கத்தை ‘வெளியில் சாப்பிடுவது’ என்றும் படிக்கலாம். விளைவு: எங்கள் குடும்பம் அடிக்கடி அரிக்கும்.

சிரிப்பு வருகிறது. ஆனால் பிள்ளைகள் மேல் தவறில்லை. கிளறு என்றால் சூப்பைக் கிளறலாம்தானே? அகராதி பொருளைச் சொன்னது, அந்தச் சொல் யாரோடு பழகும் என்பதைச் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் ‘வாக்கியத்தில் அமைத்து எழுதுக’ என்ற கேள்வியில் தப்பிக்கும் வழியும் இங்கேதான் இருக்கிறது. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் ‘எங்கள் ஊரில் அது உள்ளது’, ‘நான் அதைப் பார்த்தேன்’ என்று எழுதிவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். அந்த வாக்கியத்தில் புலியைப் போட்டாலும் பொருந்தும், புளியைப் போட்டாலும் பொருந்தும்.

அகராதி போதாது என்றால் சூழலைப் பார்த்து ஊகி என்பார்கள். ‘படித்துக்கொண்டே போ, தானாகப் புரியும்.’ இது பாதி உண்மை. மில்லரும் கில்டியாவும் போட்ட கணக்கில், வளரும் பிள்ளை நாளொன்றுக்குச் சுமார் 13 புதுச்சொற்களைப் பிடிக்கிறது. வகுப்பில் அவ்வளவையும் சொல்லிக்கொடுக்க எந்த ஆசிரியராலும் முடியாது. ஆகவே பெரும்பகுதி கேட்டும் படித்தும்தான் வருகிறது. மறுபாதி, அது எவ்வளவு மெதுவாக வருகிறது என்பது. வில்லியம் நேகி, ரிச்சர்ட் ஆண்டர்சன், பாட்ரிஷியா ஹெர்மன் ஆகியோர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், படிக்கும் போக்கில் ஒருமுறை எதிர்ப்படும் புதுச்சொல்லின் பொருளைப் பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு ஏறக்குறைய இருபதில் ஒன்று. பத்தொன்பது முறை சொல் கண்ணில் பட்டு நழுவிவிடுகிறது. பால் நேஷனும் உடன் ஆய்வாளரும் 2000இல் சொன்னது இன்னும் கறாரானது: ஒரு பக்கத்தை உதவியின்றி நன்றாகப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொற்களாவது முன்பே தெரிந்திருக்கவேண்டும். அது ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு. ‘போகமாட்டேனென்றவர்களிடமிருந்து’ என்று ஒரே சொல்லாக எழுதும் தமிழுக்கு எண்ணிக்கை மாறும். தெரிந்தது நிறைய இருந்தால்தான் தெரியாததை ஊகிக்க முடியும் என்பது மாறாது.

சூழல் எப்போதும் உதவும் என்பதுமில்லை. சில சமயம் குப்புறத் தள்ளிவிடும். 1983இல் இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் முதலியோர் சூழல்களைத் தரம்பிரித்தபோது, வழிகாட்டுவது ஒருபுறம் இருக்க, தவறான வழியில் இழுப்பதையும் ஒரு வகையாகவே சேர்த்தார்கள். தமிழில் ஒன்று பார்க்கலாம். ‘மகன் மேடையேறிப் பட்டம் வாங்கியபோது அப்பா இறும்பூது எய்தினார், கண்ணில் நீர் பெருகியது.’ இறும்பூது என்ற சொல் தெரியாதவர் துக்கம் என்றே முடிவுகட்டுவார். கண்ணீர் அப்படி இழுக்கிறது. சொல்லுக்குப் பொருள் வியப்பு, பெருமிதம். ‘அப்பா இறும்பூது எய்தினார்’ என்று மட்டும் இருந்தால் எதுவும் தெரியாது; வாக்கியம் கையை விரித்துவிடுகிறது. ‘மகள் விண்கலம் ஏவும் குழுவில் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அப்பாவுக்கு இறும்பூது தாங்கவில்லை, டீக்கடையில் வந்தவர் போனவரிடமெல்லாம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்’ என்றால் பொருள் தானாக விழுகிறது. பாடநூலில் புதுச்சொல் அறிமுகமாகும் வாக்கியம் இந்த மூன்றாவது வகையாக இருப்பது அபூர்வம் என்பது என் வெகுநாள் புகார்.

அகராதிக்கும் ஊகத்துக்கும் நடுவில் உள்ள வழிதான் சூழலில் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி. கோடிட்ட இடத்தை நிரப்புக என்ற பழைய கேள்வியேதான். 1953இல் வில்சன் டெய்லர் என்ற அமெரிக்கர், ஒரு பத்தியில் குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை நீக்கிவிட்டு வாசகரை நிரப்பச் சொல்லி, அதைக்கொண்டு பத்தி எவ்வளவு எளிது என்று அளக்க ஒரு முறை வகுத்தார். அதே உத்தியில்தான் 2018இல் கூகுள் வெளியிட்ட ‘பெர்ட்’ மொழிமாதிரி பயின்றது. சொற்களில் 15 சதவீதத்தை மறைத்துவைத்து, அக்கம்பக்கத்தைப் பார்த்து மறைந்திருப்பதைச் சொல் என்று கணினியைப் பழக்கினார்கள். பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல், ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறியலாம் என்று எழுதியதுதான் இதற்கெல்லாம் பின்னால் இருக்கும் எண்ணம். எந்திரத்துக்கே அப்படித்தான் சொல் பிடிபடுகிறது.

ஆனால் கோடிட்ட இடத்துக்கு நாம் தரும் தெரிவுகள்தான் கோளாறு. இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘பதினைந்து நாளாகத் தண்ணீர் இல்லாமல் நெற்பயிர் ______.’ கீழே நான்கு விடை: வாடியது, ஓடியது, பாடியது, ஆடியது. மாணவன் சரியாகத்தான் எழுதுவான். ஆனால் எதையும் கற்கமாட்டான். எழுதுவதற்கு முன்பு தெரிந்ததுதான் எழுதிய பிறகும் தெரியும். விடைகளை வாடியது, காய்ந்தது, கருகியது, பட்டது என்று மாற்றிப் பாருங்கள். இப்போது யோசிக்கவேண்டும்.

‘பட்டது’ முதலில் கழிந்துவிடும். மரம்தான் பட்டுப்போகும், பயிர் படாது. மற்ற மூன்றும் பொருந்துகின்றன. வாடிய பயிர் தலை தொங்கி நிற்கும், தண்ணீர் பாய்ந்தால் மறுநாளே நிமிரும். காய்தல் ஈரம் போவது. துணியும் காயும், வயலும் காயும். காய்ந்த பயிரில் கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம். கருகிய பயிர் நிறம் மாறிவிட்டது, இனி எழாது. மேட்டூர் அணை குறுவைக்கு வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும். திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத ஆண்டில் விவசாயிகள் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று ‘கருகிய பயிருக்கு நிவாரணம் கொடு’ என்றுதான் கேட்கிறார்கள். ‘வாடிய பயிருக்கு’ என்று மனு எழுதினால் அதிகாரி தண்ணீர் வரும்வரை பொறுங்கள் என்று சொல்லிவிடலாம். சொல் மாறினால் காசு மாறும். இதற்கு மேல் ‘சாவி’ என்று ஒன்று இருக்கிறது. கதிர் வெளிவந்து மணி பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போனால், பயிர் நிற்கும், கதிரும் நிற்கும், உள்ளே அரிசி இருக்காது. பயிர் சாவியாகிப் போச்சு என்பார்கள். பார்வைக்குப் பச்சையாகவே இருக்கலாம், நஷ்டம் முழுசு.

கேள்வியில் இன்னும் நான்கு சொல் சேர்த்தால் விடை ஒன்றாகிவிடும். ‘பதினைந்து நாளாகத் தண்ணீர் இல்லாமல் ______ நெற்பயிர், வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் நிமிர்ந்தது.’ வாடிய. ‘நிமிர்ந்தது’ என்ற ஒரு வினை மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடுகிறது. நல்ல கேள்வி என்பது இப்படி வாக்கியத்துக்குள்ளேயே தீர்ப்பை ஒளித்துவைத்த கேள்வி. போட்டித் தேர்வுப் புத்தகங்களில் மனம்–மணம், கரை–கறை, வாலை–வாளை–வாழை என்று ஒலி வேறுபாட்டுக்குப் பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. அது எழுத்துப் பிழையைத் தடுக்கும், அவ்வளவுதான். சிங்கக் குருளை, புலிப்பறழ் என்ற மரபுச்சொல் பட்டியல்களும் அப்படியே. புலிப்பறழை வண்டலூர்ப் பூங்காவில் பார்க்கும் எவரும் குட்டி என்றுதான் சொல்வார்கள். வாடியது–கருகியது வகைக் கேள்விகளுக்குத்தான் பஞ்சம்.

பழக்கம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்குச் செய்தித்தாளின் வேளாண் பக்கம் போதும். நெல்லை அறுக்கிறோம், கதிர் அறுவாள் வைத்து அறுப்பதால்தான் அறுவடை. கரும்பை வெட்டுகிறோம். நிலக்கடலையைப் பிடுங்குகிறோம். பருத்தியை எடுக்கிறோம். கத்திரிக்காயைப் பறிக்கிறோம், கீரையைக் கிள்ளுகிறோம், புளியை உலுக்குகிறோம். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பை வாருகிறார்கள். செய்தியில் இவை எல்லாம் அறுவடை. தேங்காய் அறுவடை, தேன் அறுவடை, இறால் அறுவடை, உப்பு அறுவடை. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் இருப்பதால், செய்தி அங்கிருந்து வரும்போது இந்தச் சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. ‘ஆய்வு மேற்கொண்டார், பயணம் மேற்கொண்டார், சோதனை மேற்கொண்டனர்’ என்று எதையும் மேற்கொள்ளும் அந்த வினையும் இதே குடும்பம். பேச்சில் ‘பண்ணு’ செய்யும் வேலையை எழுத்தில் ‘மேற்கொள்’ செய்கிறது. வேட்டி மட்டும் கொஞ்சம் வெளுப்பு.

எப்போதும் இப்படியே ஆகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய திட்டத்துக்கு ஆங்கிலப் பெயரில் அறுவடைதான் இருந்தது. தமிழில் ‘மழைநீர் சேகரிப்பு’ என்று வைத்தார்கள். சுவரெல்லாம் எழுதினார்கள், குழந்தைகள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. மழைநீரை யாரும் அறுக்க முடியாது, சேர்த்துவைக்க முடியும் என்று அன்று அந்தக் கோப்பில் யாரோ யோசித்திருக்கிறார்கள்.

துணைச்சொல் மட்டும் சரியாக இருந்தால் போதாது. இடமும் ஆளும் பார்க்கவேண்டியிருக்கிறது. நன்னூலார் இதைத் தகுதி வழக்கு என்று தனியாகவே வைத்து, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரித்தார். சாவுச் செய்தியில் இது முழுசாகத் தெரியும். சாலை விபத்தில் உயிரிழந்தார், தலைவர் காலமானார், எழுத்தாளர் மறைந்தார். நினைவஞ்சலி விளம்பரத்தில் ஒரு வீட்டார் இறைவனடி சேர்ந்தார் என்பார்கள், இன்னொரு வீட்டார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பார்கள், மற்றொருவர் வஃபாத்தானார் என்பார்கள். கடவுள் நம்பிக்கையில்லாத குடும்பம் இயற்கை எய்தினார் என்று போடும். பக்கத்துத் தெருவில் ‘பெரியவர் தவறிட்டார்’. இவற்றை ஒரு பட்டியலில் அடுக்கி ‘இறத்தல் என்பதன் மறுபெயர்கள்’ என்று தலைப்புக் கொடுத்துப் படிக்கிற பிள்ளை, என்றைக்காவது இரங்கல் கடிதம் எழுதும்போது தடுமாறத்தான் செய்யும். வீட்டில் விளக்கை அணைக்கச் சொல்லாமல் அமர்த்தச் சொல்வதும், அரிசி தீர்ந்துவிட்டது என்பதற்கு அரிசி நிறைந்திருக்கிறது என்று சொல்வதும் மங்கலத்தில் சேர்ந்தவை. டியூப்லைட்டுக்கு யாரும் மங்கலம் பார்ப்பதில்லை. அதை ஆஃப் பண்ணுகிறோம்.

ஊர் மாறினாலும் துணை மாறும். யாழ்ப்பாணத்தில் இருவர் கதைப்பார்கள். ‘அம்மா பேசுவா’ என்று ஒரு பிள்ளை பயந்தால் திட்டுவார் என்று பொருள். சென்னைப் பிள்ளைக்கு அம்மா பேசுவதில் பயப்பட ஒன்றுமில்லை. ‘கதைக்கிறார்கள்’ என்றால் வெட்டிக் கதை அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். இரண்டு சொல்லும் இருவருக்கும் தெரியும். சொல் தெரிந்தும் பொருள் தெரியாத நிலை இதுதான்.

அகராதிகளில் இந்தக் குறை எப்போது சரியானது? வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்துச் சொற்களை அகர வரிசைக்குக் கொண்டுவந்தார், தேடுவது எளிதானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் திரட்டியது. பழைய இலக்கியம் படிக்க அதை விட்டால் கதியில்லை. அன்றாட உரைநடையில் ஒரு சொல் எப்படி வாழ்கிறது என்று வாக்கியத்தோடு காட்ட, 1992இல் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வரவேண்டியிருந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2008இல், மூன்றாம் பதிப்பு 2020இல். அந்த ஆண்டு நவம்பரிலேயே அதைப் பதிப்பித்த ‘க்ரியா’ ராமகிருஷ்ணன் மறைந்தார். அந்த அகராதியில் ஒரு வினையை எடுத்தால் பொருளை விட்டுவிட்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதலில் படிப்பது என் பழக்கம். அங்கேதான் அது யாரோடு வருகிறது என்று தெரியும்.

பிள்ளைக்குச் சொல் சேர்க்க நினைப்பவர் சொல்லுக்கு எதிரே பொருள் எழுதும் இரண்டு பத்தி நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பொருளைப் பக்கத்தின் நடுவில் வைத்துத் தொடங்கலாம். தேங்காயை எடுத்துக்கொண்டால் மரத்தில் ஏறிப் பறிக்கிறார்கள். மட்டையை உரிக்கிறார்கள், குடுமியைப் பிய்க்கிறார்கள், உடைக்கிறார்கள். கோயில் வாசலில் உடைத்தால் அது சிதறுகாய் போடுவது. சட்னிக்குத் துருவுகிறார்கள் அல்லது பத்தை போடுகிறார்கள், அரைக்கிறார்கள். பாலுக்குப் பிழிகிறார்கள். வெயிலில் காயவைத்தால் கொப்பரை, செக்கில் ஆட்டினால் எண்ணெய். பத்து வினை ஒரு தேங்காயில் வந்துவிட்டது. இதில் எதையும் ‘தேங்காயின் வேறு பெயர்கள் யாவை’ என்ற கேள்வி வெளியே கொண்டுவராது. உருளைக்கிழங்கு இதைவிட நுணுக்கம்: பச்சையாக இருந்தால் தோலைச் சீவுகிறோம், வெந்துவிட்டால் உரிக்கிறோம். இதைப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அடுப்படிப் பக்கம் வந்த பிள்ளையா வராத பிள்ளையா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். நெசவு, மீன்பிடி, தச்சு என்று கைவேலை உள்ள இடத்தில் சொல் தடிமனாக இருப்பது தற்செயலில்லை. அங்கே தவறான வினையைச் சொன்னால் தவறான வேலை நடந்துவிடும்.

இந்தத் தேர்வு நின்றுபோன ஒன்றும் அல்ல. கைப்பேசி வந்து எவ்வளவு காலம் ஆயிற்று? அதற்குள் ஆயிரம் பேர் கூடிப் பேசி முடிவெடுத்ததுபோல வினைகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள், ரீல்ஸ் போடுகிறார்கள், மெசேஜைத் தட்டிவிடுகிறார்கள், போன் அடிக்கிறார்கள். ‘ரீல்ஸ் வைத்தேன்’ என்று யாராவது சொன்னால் கல்லூரிப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சார்ஜ் ஏறுகிறது, இறங்குகிறது, நிற்கமாட்டேன் என்கிறது. நெட் வருகிறது, போகிறது, ரொம்ப நேரம் சுற்றுகிறது. ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ் வினைகளை யார் எப்படிப் பொருத்தினார்கள் என்று ஒரு மாணவர் இப்போதே திரட்டத் தொடங்கினால் நல்ல ஆய்வேடு கிடைக்கும். பத்து ஆண்டு தள்ளிப்போனால் டெலக்ஸ் ‘கொடுத்த’, டிரங்க்கால் ‘புக் பண்ணிய’ தலைமுறையின் பேச்சைப் போல இதுவும் கேட்க ஆளில்லாமல் போய்விடும்.